காடாம்புலியூர் போய்ப் பழுத்த சென்ட்

போன வாரம் மகள் புதுசாக ஒரு சென்ட் வாங்கி வந்தாள். என் மணிக்கட்டில் ஒரு அடி அடித்துவிட்டு, "உடனே மோந்து பாக்காதப்பா, தோல்ல ஊறணும்" என்றாள். ஊசி போட்டுக்கொண்டவன் மாதிரி கையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் எலுமிச்சை. அப்புறம் அன்னாசி. அரைமணி கழித்து, நீங்கள் நம்பமாட்டீர்கள், நன்றாகப் பழுத்த பலா. சென்ட் என்பது பாட்டிலில் ஒன்று, உடம்பில் வேறு ஒன்று என்று அவள் பாடம் எடுத்தாள். அந்தப் பாடத்தை நான் முப்பது வருஷத்துக்கு முன்பே படித்து பெயிலும் ஆனவன்.

அப்போது எனக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பக்கம் வேலை. கம்பெனி நகரியத்தில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் செல்வம் என்ற நண்பனோடு இருந்தேன். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கிரீஸ் நாற்றம் எந்த சோப்புக்கும் மசியாது. அந்த நிலைமையில்தான் காடாம்புலியூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அவளை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்ததிலிருந்து, இந்த இடம் தட்டிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன்.

செல்வத்திடம் அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டில் இருந்தது. "ரெண்டே சொட்டுடா" என்றுதான் கொடுத்தான். கிரீஸை ரெண்டு சொட்டா ஜெயிக்கும்? கழுத்து, மார்பு, அக்குள் என்று பாதி பாட்டிலை அடித்துக்கொண்டேன்.

வாசலில் எலுமிச்சையாகத்தான் கிளம்பினேன். சித்திரை வெயில், நிற்க இடமில்லாத பஸ். வியர்க்க வியர்க்க சென்ட் இனித்துக்கொண்டே வந்தது. கண்டக்டர் என் காலடியைக் குனிந்து பார்த்து, "பலாப்பழத்துக்கு லக்கேஜ் போடணும், எங்க வச்சிருக்க?" என்றார். இல்லை என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

பெண் வீட்டில் என் அம்மாவும் அக்காவும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறையில் மறுநாள் லாரிக்காக அடுக்கிய பலா. முற்றிய காயாகத்தான் வெளியூருக்கு ஏற்றுவார்கள். நடுவில் ஒன்று பழுத்தால் மற்றதையும் பழுக்க வைத்துவிடும். "பர்மனெண்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்ட பெண்ணின் அப்பா, நான் வாய் திறப்பதற்குள் மூக்கை விடைத்தார்.

"அய்யய்யோ, ஒண்ணு பழுத்துப் போச்சு போலருக்கே!"

உள்ளே ஓடினார். ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. நான் பயத்தில் இன்னும் வியர்த்தேன், இன்னும் பழுத்தேன். சந்தேகத்தின் பேரில் ஒன்றை வெட்டினார். காய். இரண்டாவதும் காய். "நாப்பது வருசமா தோப்பு வச்சிகினு இருக்கேன், எம் மூக்கு பொய் சொல்லாது" என்று மூன்றாவதை உருட்டினார். உண்மையைச் சொன்னால் பெண் போச்சு, சொல்லாவிட்டால் லோடு போச்சு. நான் கோழை. லோடே போகட்டும் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் அவள் காபியோடு வந்தாள். டம்ளரை நீட்டக் குனிந்தவள் அப்படியே நின்று ஒரு மூச்சு இழுத்தாள்.

"யப்பா, காய வுடுங்க. பழம் இங்க நாற்காலில ஒக்காந்துகினு இருக்கு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அரிவாளோடு வந்து என் கழுத்தருகே மோந்து பார்த்தார். தட்டிப் பார்க்காததுதான் பாக்கி.

"எத்தினி பாட்டிலு ஊத்திகினீங்க?" என்றாள் அவள்.

"பாதி. கிரீஸ் நாறுமேன்னு…"

"கிரீஸே தேவலாம்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவள் அம்மா வந்து, பொண்ணுக்குச் சம்மதம், எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். பெண் பார்க்கப் போன வீட்டில் முடிவாகாமல் கை நனைக்கக் கூடாது. அன்று அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெட்டிய காய்தான் குழம்பு, கொஞ்சம் முற்றல்.

அதற்கப்புறம் அவளுடைய அந்த மூக்கிடமிருந்து நான் தப்பியதே இல்லை. திருட்டுத்தனமாகத் தின்ற போண்டா, செல்வத்தோடு பிடித்த ஒரு சிகரெட், எல்லாம் தெரு முனையிலேயே தெரிந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வந்துவிடும் என்றார் டாக்டர். வரவில்லை.

நேற்று வேண்டுமென்றே ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, வாய்கூடக் கொப்பளிக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "காபி போடட்டுங்களா?" என்றாள். ஒரு திட்டு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.