ஓட்டுக்கு வருகிறவர்

சத்திரப்பட்டிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததுமே பிரிஸ்கில்லா அதைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவாள். பெண்களுக்குச் சும்மா தருகிற டிக்கெட்தான். ஆனாலும் அதை ஓரத்திலிருந்து நுனிவிரலால் உருட்டி, காற்றுப் புகாமல் இறுக்கி, தீக்குச்சி கனத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்புவாள். அங்கே ஒரு கம்பெனியில் பேண்டேஜ் துணி சுற்றுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை சுற்றிய கை, வெளியே வந்தாலும் சும்மா இருப்பதில்லை. கோவிலில் ஆராதனை முறைத் தாளைக் கொடுத்தால், பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் அது சுருட்டு ஆகிவிடும். "கை கேக்க மாட்டேங்கு, நான் என்ன செய்ய?" என்பாள்.

ராஜபாளையத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு. ஆள் ஒருத்திதான். ஆனால் வாக்காளர் பட்டியலில் அந்தக் கதவு எண்ணுக்கு இரண்டு பேர். பிரிஸ்கில்லா, கணவர் பெயர் மெர்வின். அடுத்த கட்டத்தில் மெர்வின், தந்தை பெயர் எலியேசர்.

மெர்வின் ரப்பர் தோட்ட வேலைக்கென்று புனலூர் போனவர். முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தார். பிறகு அதுவும் இல்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரு பேசியது. பிரிஸ்கில்லா காதிலும் விழுந்தது. அவள் போய்ப் பார்க்கவும் இல்லை, போனில் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம்.

ஆனால் மனிதர் ஓட்டுக்கு மட்டும் தவறாமல் வருவார். என்ன ராசியோ, கட்டின மனைவியை விட்டவருக்குக் கட்சிச் சின்னத்தை விட மனமில்லை. பூத் சிலிப் கைக்கு வந்ததும் பிரிஸ்கில்லா அதைப் படம் எடுத்து அனுப்புவாள். "வாரேன்" என்று ஒரு வார்த்தை பதில் வரும். அந்த ஒரு வார்த்தைக்கு வீடு வெள்ளையடிக்கப்படும். மொச்சை போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். அவர் வந்து சேருகிறவரை அவளும் ஓட்டுப் போடப் போவதில்லை. "அவிய வரட்டும், சேந்தே போறோம்" என்று வாசலில் நிற்பாள். பூத்தில் ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. அதனாலென்ன, பள்ளிக்கூட வாசல்வரை ஒன்றாகத்தானே நடக்கிறார்கள்? அவ்வளவுதான் அவள் இல்வாழ்க்கை. மனிதர் திரும்பி வந்து சாப்பிடுவார், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பார், மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

விரல் மை நகத்தோடு வளர்ந்து வெளியேறுகிறவரை அவளுக்குத் துணை. சுற்றுகிற வேலைக்கு நடுவில் அதைப் பார்த்துக்கொள்வாள். "இதே மை அவிய வெரல்லயும் இருக்கும்லா?" என்று ஒருமுறை பக்கத்தில் வேலை செய்கிற கருத்தம்மாளிடம் கேட்டுவிட்டு, கேட்டதற்கு அவளே வெட்கப்பட்டாள். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் அரசியல்வாதிகளைவிட அதிகமாக வருத்தப்படுகிற வாக்காளர் இந்தத் தெருவில் இவள்தான்.

பட்டியல் விஷயத்தில் அவளுக்கு இருக்கிற கவனம் வேறு யாருக்கும் கிடையாது. நகராட்சி கதவு எண்ணை மாற்றியபோது, முதல் ஆளாகப் போய் இரண்டு பேருக்கும் திருத்தம் எழுதிக் கொடுத்தாள். ஒருவர் பழைய எண்ணிலும் ஒருவர் புது எண்ணிலும் பிரிந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சிறப்பு முகாம் போட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நேரே அங்கேதான். அங்கன்வாடி டீச்சர் செல்வலட்சுமிதான் இந்தப் பகுதிக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர். அவளிடம், "எங்க வீட்ட கொஞ்சம் வாசி டீச்சர்" என்பாள். செல்வலட்சுமி இரண்டு பெயரையும் வாசிப்பாள். பட்டியலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு படமும் இருக்கும். மெர்வின் அதில் அடர்ந்த மீசையோடு, இன்னும் புனலூர் போகாத முகத்தோடு இருப்பார். "எல்லாம் சரியா இருக்கு அக்கா" என்றதும் எழுந்து போய்விடுவாள்.

இந்தத் தடவை வந்தது பட்டியல் முழுவதற்குமான பெரிய திருத்தம். வீடு வீடாக ஆளுக்கொரு படிவம். பிரிஸ்கில்லா வீட்டுக்கும் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போன செல்வலட்சுமி, திரும்ப வாங்க வந்த சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவிய இங்க இல்லைங்கிறது தெருவுக்கே தெரியும். ஆனா வேலைக்குத்தான் போயிருக்காவ, திரும்பி வருவாவன்னு பொண்டாட்டி நீங்க கையெழுத்துப் போட்டா நான் வாங்கிக்கிடுதேன். இல்லன்னா குடிபெயர்ந்துட்டாவன்னு எழுதிருவேன். பேரு போயிரும். உங்க மனசுக்கு எது நெசமோ அதச் சொல்லுங்க."

பேர் போனால் சிலிப் வராது. சிலிப் வராவிட்டால் "வாரேன்" வராது. பிரிஸ்கில்லாவுக்கு அது புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். ஒரு கையெழுத்துத்தான். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"செத்த நேரம் பொறு டீச்சர். அவியட்டயே ஒரு வார்த்த கேட்டுருதேன்" என்று போனை எடுத்தாள்.

மணி அடித்தது. எடுத்தது மெர்வின் அல்ல, ஒரு சின்னப் பெண்குரல். பால்பல் விழுந்த வாயிலிருந்து காற்றோடு வந்தது மலையாளம்.

"அச்சன் குளிக்குவா. ஆரா?"

பிரிஸ்கில்லாவுக்கு மலையாளம் தெரியாது. ஆனால் அச்சன் என்றால் அப்பா என்று புரிய அது தெரிய வேண்டியதில்லை. ஒருத்தி இருக்கிறாள் என்பதை எத்தனையோ வருஷமாக விழுங்கி வைத்திருந்தாள். குழந்தை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. தனக்கு ஒன்று பிறக்காத வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. குழந்தை மறுபடியும் கேட்டது, "ஆரா?"

யார் என்று சொல்வது?

"ஓட்டு லிஸ்டுல இருந்து பேசுதேன் தாயி" என்றாள் பிரிஸ்கில்லா. "சும்மாதான். வச்சுருதேன்."

வெளியே யாரோ மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர், அவிய பேர எடுத்துட்டா, என் பேருக்குக் கீழ கணவர் பேருன்னு இருக்கே, அதுவும் போயிருமா?"

"அது போகாதுக்கா. அது உங்க விவரம். நீங்களா மாத்தச் சொன்னாத்தான் மாறும்."

"அப்ப அது கெடக்கட்டும்" என்றாள்.

தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். மெர்வினின் படிவம் கையெழுத்து இல்லாமல் மடியில் கிடந்தது. அதை உள்ளங்கையால் ஒருதரம் நீவிவிட்டாள். கை தானாக ஓரத்தைப் பிடித்தது. படிவத்தில் அச்சாகியிருந்த மீசை வைத்த படம் முதல் சுற்றிலேயே உள்ளே போயிற்று. அவசரப்படாமல், எங்கேயும் தொளதொளப்பு விடாமல், கம்பெனியில் மேஸ்திரி பார்த்தால் மெச்சுகிற இறுக்கத்தில் கடைசிவரை சுற்றினாள். பிரிந்துவிடாமல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். செல்வலட்சுமி மறுமுனையைப் பிடித்த பிறகும் அந்தக் கட்டைவிரல் விலகவில்லை.