கேட்ட பிறகு சொன்னால் செல்லாது

ஹலிஜா அக்காவின் சமையலை யாரும் பாராட்டிவிட முடியாது. நன்றாக இருக்கிறது என்றால் ஒப்புக்குச் சொல்கிறாய் என்பார். பேசாமல் சாப்பிட்டால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்பார். ஐயோ, நிஜமாகவே பிரமாதம் என்று அழுத்திச் சொன்னால், இவ்வளவு அழுத்திச் சொல்வதிலேயே தெரிகிறதே என்று முடித்துவிடுவார். மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் பதினோரு வருடம் அவரோடு நின்று நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டியவள் நான். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. தங்கை ருபியா பினாங்குக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது, அவள் மகள் அத்திகாவை நாலு வயதிலிருந்து பத்து வயதுவரை வளர்த்தது இவர்தான். முன்பல் இரண்டும் விழுந்த அத்திகாவின் படம் இன்றைக்கும் இவர் பர்ஸில் இருக்கிறது. அந்த அத்திகாவுக்குத்தான் போன வருடம் கல்யாணம்.

கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், கல்யாணம் என்றால் இரண்டு நாள் முன்பே சொந்தக்காரர்கள் கூடி, வெங்காயம் உரித்து, இறைச்சி வெட்டி, அண்டா ஏற்றிவிடுவார்கள். அதற்கு நெருங்கியவர்களை யாரும் அழைப்பதில்லை. அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு தாமாக வந்து உட்கார வேண்டும், அதுதான் முறை. அழைப்புக் கார்டு கொடுத்தால் வேற்றாள் என்று அர்த்தம். எனக்குக் கார்டு வந்தது. ஹலிஜா அக்காவுக்கு வரவில்லை.

வராததில் தப்பில்லை. தப்பு அதற்கு முந்தைய நோன்புப் பெருநாளிலேயே ஆரம்பித்துவிட்டது. ருபியா போனில், முடிந்தால் வாருங்கள் அக்கா என்றாளாம். அந்த 'முடிந்தால்' இவரைக் குத்திவிட்டது. மனசில்லாமல் ஒப்புக்கு அழைப்பதை இங்கே கோழியைக் கூப்பிடுவது என்பார்கள். இது கோழிக் கூப்பாடுதான் என்று இவர் போகவில்லை. அக்காவுக்கு நம் வீட்டுக்கு வர விருப்பமில்லை போல என்று நினைத்த ருபியா, நிச்சயதார்த்தத்துக்கு நேராகக் கேட்கக் கூசி, புருஷன் மூலம் சொல்லியனுப்பினாள். ஆள் விட்டுச் சொன்னது அதைவிடப் பெரிய கோழிக் கூப்பாடு என்று இவர் அதற்கும் போகவில்லை. இவர் ஒரு அடி தள்ளி நிற்க, அவள் இரண்டு அடி தள்ளி நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

கல்யாண வாரம் திங்கட்கிழமையே அக்கா கத்தியைத் தீட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் தீட்டினார். புதன்கிழமை பொறுக்கமாட்டாமல் நானே ருபியாவுக்குப் போன் போட்டேன்.

"சொந்த அக்காவை எப்படிக் கூப்புடுறது, வாசுகி? கூப்புட்டா விருந்தாளி ஆக்கின மாதிரி ஆயிடும். அவங்க பலாக்காய்க் குழம்புக்குன்னு ஒரு அண்டாவைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். அவங்களா வரணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே போய் ஒப்பித்தேன். அக்கா மீனைத் திருப்பிப் போட்டபடியே, "இதை உன்கிட்ட சொன்னாளா, என்கிட்ட சொன்னாளா?" என்றார்.

மறுபடி ருபியாவைப் பிடித்தேன். முறையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், நேராக ஒரு வார்த்தை கூப்பிட்டுவிடு என்று கத்தினேன். பாவம், வியாழன் மதியம் கூப்பிட்டாள். அக்காவின் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு நிமிடம்தான். வாசுகி சொல்லித்தான் கூப்பிடுகிறாயா என்று கேட்டார். ருபியாவுக்குப் பொய் சொல்ல வராது. அக்கா போனை வைத்துவிட்டார்.

"கூப்புடலைன்னா பாசமில்ல. கூப்புட்டா யாரோ சொல்லிக்குடுத்தது. அப்ப அவ என்னதான்கா செய்யணும்?"

"அக்கா வேணும்னு அவளுக்கே தோணணும்."

"தோணுச்சுன்னு சொன்னா நம்புவீங்களா?"

"கேட்டப்புறம் சொன்னா எப்படி நம்புறது?"

கரண்டியைத் தொட்டியில் வீசிவிட்டு வெளியே வந்து நின்றேன். அவர் சொல்வதில் எங்கே ஓட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் செய்யும் ஒவ்வொரு உதவியும் அவர் சந்தேகத்துக்கே சாட்சியாகப் போய் நின்றது. வாய் பேசாமல் இருந்திருந்தால் ருபியா தானாகவே கூப்பிட்டிருப்பாளோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கூப்பிட்டிருக்க மாட்டாள் என்றும் தெரியும்.

சனிக்கிழமை நான் மட்டும் போனேன். கார்டு வந்தவளுக்கு என்ன குழப்பம்? பின்வாசலில் அடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. கடைசி அடுப்பு மட்டும் பற்ற வைக்கப்படவில்லை. அதன்மேல் கழுவிக் கவிழ்த்த அண்டா, பக்கத்தில் வெட்டாத பலாக்காய். ருபியா யாரையும் தொடவிடவில்லையாம். என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மேடையில் வாழ்த்தப் போனபோது அத்திகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா வரவில்லையா என்றாள். இல்லை என்றேன். நீயாவது ஒரு எட்டு நேரில் போய்க் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று வாய்தவறிக் கேட்டும்விட்டேன்.

"போகணும்னு கிளம்பினேன் ஆன்டி. அம்மா அனுப்பி வெச்சாங்கன்னு நெனச்சுக்குவாங்களேன்னுதான் போகல."

வளர்த்தவரின் புத்தி அச்சாக அப்படியே வந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விருந்தாளிகளுக்குக் கொடுக்கும், காகிதப்பூ செருகிய முட்டையை எனக்கு ஒன்று தந்தாள். இன்னொன்றைத் தானே தேர்ந்தெடுத்து, பெரியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் பெரியம்மா தன் உச்சியில் பேன் பார்த்தால்தான் தனக்குத் தூக்கமே வரும் என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே தீர்மானம். அக்கா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழையும்போதே, அத்திகா உங்களைத்தான் தேடினாள் என்று போட்டு உடைத்துவிட வேண்டும். கேட்காமல் சொன்னால் ஒருவேளை செல்லும்.

அக்கா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் விசேஷத்துக்கென்று வைத்திருக்கும் நீல பாஜு கூரோங் உடுத்தி, பவுடர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கைத் துணியில் விழுந்திருந்த கசங்கலைப் பார்த்தால் காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறார். மடியில் துணி சுற்றிய கத்தி.

குனிந்து என் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அத்திகா என்னைக் கேட்டாளா?"

"கேட்டாக்கா. உங்களைத்தான் மொதல்ல கேட்டா."

அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு நம்ப ஆசைதான்.

"நான் கேட்டதால சொல்றியா?"

ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் முட்டையுமாக நான் வாசலிலேயே நின்றேன்.