நூர்ஜஹான் அத்தைக்குச் சொன்ன முகங்கள்

“...மூக்குத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா நூரு, அவதான் வெசம் வச்சிருக்கா,” என்று அம்மா சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னதும், டிவி தொடரில் கொலைகாரன் டிரைவரா தம்பியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நானும் என் மகளும் அவள் பக்கம் திரும்பினோம்.

பல வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கும் துப்பறியும் தொடரின் புது எபிசோடு அது. முன்பு அது வந்தபோது நான் உத்தமபாளையத்தில் அஞ்சாவது படித்தேன். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அத்தை, கணவர் இறந்து இத்தா என்னும் நாலு மாதத் துக்கக் காலத்தில் இருந்ததால் வாசலைத் தாண்டக் கூடாது; அவர் வீட்டில் டிவியும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அம்மா டிவியைச் சுவரோரம் தள்ளிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, முகங்களை மட்டும் வாயால் சொல்வாள்.

“அழுகுறாளா நடிக்கிறாளா, மதினி?” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“கண்ணுல தண்ணியக் காணோம்.”

“அப்பக் கள்ளி அவதான்.”

பார்க்காத அத்தைதான் எப்போதும் முதலில் கண்டுபிடிப்பார். அந்த மாதங்களில் அவர் சிரித்துக் கேட்டது அந்த அரை மணி நேரம்தான்.

போன நோன்பில் அத்தை இறந்துவிட்டார்.

“அங்கன யாருமே இல்லையே அப்பத்தா,” என்றாள் மகள்.

“தெரியும்டி. வாய்க்குத் தெரியல,” என்ற அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். கொலைகாரன் யாரென்று சொல்லும் முன்பே எழுந்து படுக்கப் போய்விட்டாள்.