தீட்டு நாட்களில் கேட்ட குழுக்கள்

அதிகம் பேர் அறியாத ராக் குழுக்களில் எதைக் கேட்கலாம் என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் நெய் விளக்கு வைக்கிற பொம்பளைக்கு இது எதற்கு என்று. குழுக்களின் பெயர்கள் என் வாயில் நிற்காது. பாட்டைக் கேட்டால் இன்னார் என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது கற்றுக்கொண்டது.

கீழ்பென்னாத்தூரில் கணவரின் பங்காளி ஒருவர் இறந்துபோனார். கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் தீட்டு தீட்டுதான். கருமாதி முடியும்வரை கோயில் கிடையாது, வாசலில் கோலம் கிடையாது, பூஜை அறையைத் திறக்கக்கூடாது. கணவரும் மகனும் காரிய வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டார்கள். இங்கே நானும் மருமகளும். எங்களுக்குக் காவலாகக் கணவரின் அண்ணன் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம்தான் பௌர்ணமி வந்தது. எனக்குக் கிரிவலம் தவறிப்போனது. மருமகளுக்கு வேறு கவலை. அன்று சாயங்காலம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக்கடை முற்றத்தில் அவளுக்குப் பிடித்த சென்னைக் குழு வாசிக்கிறது. டிரம்ஸ் அடிக்கிற பெண் வெளிநாடு போகிறாள். இதோடு குழு கலைகிறது.

துக்க வீட்டில் பாட்டு கேட்டால் பெரியவர் கத்துவார். மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இயர்போனில் ஒன்றை என் காதிலும் மற்றதைத் தன் காதிலும் மாட்டினாள். முதல் நாள் தலைவலிதான் மிச்சம். பிறகு நானே கேட்டு வாங்கினேன். மேகாலயாக் குழு ஒன்று, பாஷை புரியாது. பாடுகிறவன் தனக்குள் முணுமுணுப்பதுபோல ஆரம்பித்து, கடைசியில் தாங்க முடியாமல் கத்துவான். அழுதுவிட்டேன். அதை நீங்கள் தனியாக இருக்கும்போது கேளுங்கள். கொச்சிக் குழுவைக் காய் நறுக்கும்போது போடலாம், கை தானாக வேகமெடுக்கும். சென்னைக் குழு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைப் பாடும். நடுவில் அந்தப் பெண் சட்டென்று அடிப்பதை நிறுத்திவிடுவாள்.

“ஃபோன்ல அந்த இடைவெளி எப்பவும் ஒரே அளவுதான் அத்தை. நேர்ல அவ எப்பத் திரும்ப அடிப்பானு கூட வாசிக்கிறவங்களுக்கே தெரியாது. அவ கையையே பாத்துக்கினு நிப்பாங்க.”

பௌர்ணமி சாயங்காலம் மாடிக்குப் போனோம். மலை எதிரே நின்றது. கீழே தெருவில் ஜனங்கள் கிரிவலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அங்கிருந்தே கும்பிட்டேன்.

“நான் இங்கிருந்து பாத்துக்கறேன்ல? நீயும் ஃபோன்ல கேட்டுக்கோ.”

“இது போதுமா அத்தை உங்களுக்கு?”

தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: “மலை எங்கயும் போவாது. அடுத்த பௌர்ணமிக்குச் சுத்திக்கறேன். அந்தப் பொண்ணு இருக்க மாட்டா. கெளம்பு.”

“பெரிய மாமா கேட்டா?”

“நான் சொல்லிக்கறேன். பின்பக்கமாப் போ.”

விளக்கு போடும் நேரத்தில் பெரியவர் கேட்டார். “எங்கம்மா உன் மருமவ?”

“பாட்டு கேக்கப் போயிருக்கா மாமா. நான்தான் அனுப்பினேன்.”

“தீட்டோட போயி நாலு பேரை இடிச்சுக்கினு நிக்கறதா? அவங்களுக்கும் தீட்டாவாதா?”

“அங்க வர்ற பசங்க தலையப் பாத்தா, குளிச்சே ரொம்ப நாளாயிருக்கும் மாமா.”

அவர் சிரிக்கவில்லை. தம்பிக்கு ஃபோன் போட்டு, “உன் வீட்ல பொம்பளைங்க ராஜ்ஜியம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றார். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார். கணவர் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். அவளை உடனே வீட்டுக்கு வரச் சொல் என்றார். மாட்டேன் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை.

பெரியவர் எழுந்துபோய் முன்கதவையும் பின்கதவையும் தாழிட்டார். அவர் நாற்காலிக்குத் திரும்பியதும் நான் பின்கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. வெளியேயும் போகவில்லை.