பொம்மை போட்ட குல்லா

காலை ஏழு மணிக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்து வண்டி கிளம்பியது. திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். டிக்கியில் ஒரு ரப்பர் குழந்தை துணிப்பைக்குள் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கம்பளிக் குல்லாக்கள். இரண்டுக்கும் பொறுப்பாளர் மேரியன், ஸ்காட்லாந்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர். அவருடைய ஊர் மருத்துவமனையும் இங்குள்ள சில சுகாதார நிலையங்களும் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்காக வந்திருந்தார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது என் பிழைப்பு.

ஓட்டுநர் பாஷா கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் பல வருடம் வண்டி ஓட்டியவர். பெட்டியை ஏற்றும்போதே குல்லாக்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னாங்க மேடம், இந்த வெயில்ல கம்பளி குல்லாவா? புள்ளைங்க வெந்துடப் போவுதுங்க."

மேரியனின் ஊர்ப் பெண்கள் மாலை வேளைகளில் கூடி உட்கார்ந்து பின்னியவை என்று சொன்னேன்.

"அவங்கள ஒரு தடவ இங்க கூட்டிக்கினு வாங்க. அப்புறம் விசிறிதான் பின்னுவாங்க."

இதை மேரியனுக்குப் பாதி குறைத்துத்தான் மொழிபெயர்த்தேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். இருபது ரூபாய்க்கு மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலை, ஒரு பொட்டலம். மேரியன் முதல் மல்லாட்டையைத் தோலோடு மென்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார். பாஷா உரித்துக் காட்டிய பிறகு மேரியன் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு, திண்டிவனத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி தொடங்கியது. பிறந்ததும் மூச்சு விடாத சிசுவாக ரப்பர் குழந்தை மேசைமேல் கிடக்கும். துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும், அதற்கும் அசையாவிட்டால் முகமூடி வைத்துக் காற்றுப்பையை அழுத்த வேண்டும். எல்லாம் முதல் நிமிடத்துக்குள். சரியாகச் செய்தால் மேரியன் குழாயால் அதோடு இணைந்த ஒரு ரப்பர் உருண்டையை அழுத்துவார். பொம்மை வீரிட்டு அழும். உடனே தலைக்குக் குல்லா. அடுத்த ஆள் வந்ததும் குழந்தை மறுபடி செத்துப்போகும். வளவனூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் கலைவாணி சிஸ்டர், ஒவ்வொரு அழுகைக்கும் "பொண்ணு பொறந்திருக்கு, சக்கரை குடுங்க" என்று கூடத்தையே சிரிக்க வைத்தார். பிரசவ வார்டுக்கு வந்த பெண்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பதினொரு மணி வாக்கில் சிரிப்பு நின்றது. விடியற்காலையில் பிறந்த பெண் குழந்தை ஒன்றின் கால் சில்லிட்டிருந்தது. நாளுக்கு முன்னதாகவே பிறந்தது, எடையும் குறைவு. தெர்மாமீட்டர் காட்டிய சூடு கலைவாணிக்குப் பிடிக்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். குழந்தையைத் தாய் சுகந்தியின் மார்போடு மார்பாக ஒட்டிப் படுக்க வைத்து, மேலே துணி போர்த்தினார். சிறு குழந்தைக்குச் சூடு தலை வழியாகத்தான் அதிகம் போகும். மேரியன் உறை பிரிக்காத குல்லா ஒன்றை எடுத்து வந்தார்.

சுகந்தியின் மாமியார் அலமேலு குறுக்கே வந்து நின்றார். "புதுசு வேணாங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சூடு ஏறாவிட்டால் குழந்தையை மட்டும் ஆம்புலன்ஸில் விழுப்புரம் அனுப்ப வேண்டும். தாய் இங்கே, பிள்ளை அங்கே. இந்த நேரத்தில் என்ன சாஸ்திரம் என்று வாய்வரை வந்துவிட்டது. கலைவாணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"போன தடவ ஆசயா புதுத்துணியா வாங்கி அடுக்கி வெச்சோம்," என்றார் அலமேலு. "அந்தப் புள்ள தங்கல. நல்லா பொழச்சு வளந்த புள்ளயோட பழசத்தான் மொதல்ல போடணும். மயிலத்துல எம் பொண்ணு வூட்ல எடுத்து வெச்சிருக்கா. ஆள் போயிருக்கு. நாளுக்கு முன்னாடியே வலி வந்துடுச்சுங்க."

இதை மொழிபெயர்த்தபோது என் குரல் இறங்கிவிட்டது. மேரியன் கையிலிருந்த குல்லாவையே பார்த்தார். மயிலத்திலிருந்து பேருந்து பிடித்து ஆள் வருவது எப்போது?

கலைவாணி விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், ரப்பர் பொம்மையை அப்படியே தூக்கி வந்தார். தலையில் மஞ்சள் குல்லா.

"யம்மா, காலையிலேருந்து ஜன்னல்ல பாத்துக்கினுதான இருந்தீங்க? எத்தினி தடவ இதுக்கு மூச்சு நின்னுச்சு?"

"நின்னுக்கினே இருந்துச்சு."

"எத்தினி தடவ பொழச்சுது?"

கலைவாணியே பதிலையும் சொன்னார்.

"எல்லாத் தடவயும் பொழச்சுதும்மா. இதவிட கெட்டி உசுரு மயிலத்துல இருக்கா? இது போட்ட பழசு. போடட்டுமா?"

அலமேலு பொம்மையின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவரே குல்லாவைக் கழற்றி, திருஷ்டி கழிப்பதுபோல் மூன்று தடவை சுற்றி, பேத்தியின் தலையில் மாட்டினார். படுத்திருந்த சுகந்தி அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் குழந்தையின் கால் கதகதப்பாகிவிட்டது. பாலும் குடித்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் ஏறும்போது அலமேலு வேகமாக வந்தார். கையில் பழைய பருத்திப் புடவையிலிருந்து கிழித்த துண்டு.

"அதோட குல்லாவ எங்க புள்ள எடுத்துக்கிச்சு. மொட்டத் தலையோட அனுப்பக் கூடாதுங்க."

துண்டைப் பொம்மையின் தலையில் சுற்றி, காதுகளை மூடி முடிச்சுப் போட்டார். மேரியனுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலும் முதல் சட்டை வளர்ந்த பிள்ளையிடமிருந்துதான் வரும், அதை நானே மறந்துவிட்டேன் என்றார் மேரியன். இனி ஒவ்வொரு குல்லாவையும் முதலில் பொம்மைக்குப் போட்டுவிட்டுத்தான் வார்டுக்குக் கொடுப்பாராம்.

பொம்மையை டிக்கியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். நெடுஞ்சாலையைத் தொட்டதும் பாஷா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணட்டுமா? புள்ளைக்கு நேரா அடிக்குது."