கின்ஷாசாவுக்குப் போன குளிசைகள்

கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், அது உர்ரென்று இறுக்கிப் பிடித்து, பிறகு மெல்ல விடும். எனக்கும் பிறஷர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, காலையில் தேத்தண்ணிக்கு முன் இதுதான் வேலை. அப்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்வேன்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கூடத்தில் எங்கள் மேற்பார்வையாளர். கொங்கோ நாட்டின் கின்ஷாசாக்காரி. யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அங்கே எல்லோருக்கும் அவர் அக்காவாகிவிட்டார். அவருக்கென்று இருந்தது ஊரில் ஒரே தம்பி, பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்குப் பொல்லாத பிறஷர். அக்கா பிரெஞ்சில் சொல்லி அலுத்துக்கொள்வதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எங்கட ஊரில மலேரியா நுளம்புக்கு வலை குடுக்க ஆள் வரும். பிறஷருக்கு ஆரும் வராயினம். சந்தையில நிண்ட மனுசன் அப்பிடியே விழுவான். வேலைக்களை எண்டு சொல்லிப் புதைச்சுப்போடுவினம்."

ஊருக்குப் போகும் கொங்கோக்காரர் எவருடைய பெட்டியிலும் இன்னொரு வீட்டுப் பொதி இருக்கும். எங்கள் ஆட்களும் அப்படித்தானே! அக்காவின் பொதியில் தம்பிக்கான மருந்துக் குளிசைகள் போகும். ஒருமுறை பிறஷர் பார்க்கும் கருவியும் போனது.

ஆனாலும் தம்பி சொல்லும் எண்கள் இறங்கவேயில்லை. இடைவேளையில் அக்கா தொலைபேசியில் கத்துவார். மறுமுனையில் அவன் சிரிப்பான். தலையிடித்தால் மட்டும் குளிசை போடுகிறான் என்று அக்காவுக்குச் சந்தேகம். எங்கள் சனமும் அந்த ரகம்தான் என்பதால் நானும் ஒத்து ஊதினேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றவன் சரிந்து விழுந்தான். மறுநாள் முடிந்துவிட்டது.

அக்காவால் உடனே போக முடியவில்லை. பக்கத்திலுள்ள லாசாலில் அவருடைய வீட்டில், தொலைபேசியின் சின்னத் திரையில் செத்தவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அயலவர்கள் ஒவ்வொருவராகத் திரைக்கு முன் வந்தார்கள். முதலில் வந்த பெண் கைகூப்பி அழுதாள். ஞாயிறுதோறும் பூசை முடிய வாத்தியார் வீட்டு வாசலில் எல்லோரும் பிறஷர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்களாம். எண் கூடியவர்களுக்கு அவன் தன் குளிசைகளைப் பிரித்துக் கொடுப்பானாம். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். அக்கா ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லச் சொல்ல அவர் குரல் அடங்கிப்போனது.

"உங்கட தம்பி பெரிய மனுசன், அக்கா" என்றேன்.

"எனக்குப் பெரிய மனுசன் வேண்டாம். தம்பி வேணும்" என்றார்.

அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. திரையில் ஒரு கிழவர் காத்துக்கொண்டு நின்றார். அழுகை ஓயும்வரை பொறுத்திருந்து, கூச்சத்தோடு ஏதோ கேட்டார். அடுத்த பொதி எப்போது வரும் என்று கேட்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைபேசியைப் பறித்து நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா என் கையை விலக்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

அங்கே அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள்.