ஆறிலும் ஒன்று

மொழிபெயர்ப்பு வேலையை நம்பித்தான் அவள் தனி ஆளாக மகளை வளர்த்து வந்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளோ வாடகை ஒப்பந்தமோ, எது வந்தாலும் சாப்பாட்டு மேசையில் வைத்தே முடித்துவிடுவாள். இந்த முறை வந்தது பதின்வயதுப் பிள்ளைகளின் நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாள். ‘என் இலக்கை என்னால் அடைய முடிகிறது’ என்பதுபோல் மொத்தம் ஆறு வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் ஒன்று, ‘எப்போதும்’ என்றால் ஆறு. அந்த வயதுப் பிள்ளை யாரிடமாவது கொடுத்து, புரிகிறதா என்று பார்க்கும்படி ஆய்வு நடத்தும் பேராசிரியை சொல்லியிருந்தார். பதினான்கு வயதில் வீட்டிலேயே ஒருத்தி இருக்க, வெளியே எதற்குத் தேடுவது?

மகள் இரண்டே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தாள். ஆறிலும் ஒன்று.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. ‘இலக்கு’ என்று எழுதியதுதான் வினை, எந்தப் பிள்ளை அப்படிப் பேசுகிறது என்று தன்னையே நொந்துகொண்டு, ‘நினைத்த காரியம்’ என்று மாற்றினாள். மறுநாளும் ஆறிலும் ஒன்று. எண்களின் வரிசைதான் குழப்புகிறதோ என்று ‘ஒருபோதும் இல்லை’யைக் கடைசிக்குத் தள்ளினாள். மகளின் பேனா அதைத் தேடிப் போய்ச் சுழித்தது.

“எந்த வரி பாப்பா புரியல?”

“முதல் நாளே எல்லாம் புரிஞ்சுதும்மா. நீ நல்லாத்தான் எழுதியிருக்க.”

“அப்புறம் ஏன்டி இப்படி?”

“கேட்டிருந்துது, சொன்னேன்.”

நான்கு மாதமாகத் தட்டில் பாதிச் சாப்பாடு மிஞ்சியதும், பள்ளிவிட்டு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதும் அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தன. எல்லாவற்றையும் வயசுக் கோளாறு என்று ஒதுக்கியிருந்தாள். வாயில் வராத கேள்வியை எப்படியோ கேட்டுவிட்டாள்.

“செத்துப்போயிடலாம்னு தோணுதா?”

மகள் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆமென்று தலையசைத்தாள்.

பேராசிரியையை அழைத்து நடந்ததைச் சொன்னாள். ஒரு நொடிகூட அவளைத் தனியாக விடவேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் என்றார் அவர். வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்து, போட்டது போட்டபடி கிளம்பினார்கள்.

இரண்டு மாதம் ஆகிறது. வாரம் தவறாமல் போகிறார்கள். நாளாகும் என்கிறார் மருத்துவர். எத்தனை நாள் என்று கேட்க அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. சமையலறைக் கத்தி பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. பேருந்தில் திரும்பும்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். மகள் கையை உதறுவதில்லை. திருப்பிப் பிடிப்பதும் இல்லை.